வென்றவர்களின் ஒப்பாரி

தோற்றவன் அழுவதில் நமக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. தரவரிசையில் ஆயிரங்களுக்கு அப்பால் கிடக்கும் ஓர் ஆட்டக்காரன் கைக்காசைச் செலவழித்து, முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே பயணம் செய்து, முதல் மூன்று சுற்றுகளிலும் தோற்றுவிட்டு, விடுதி அறையின் விளக்கை அணைத்துக்கொண்டு அழுதால், நாகரிகமுள்ள எவரும் அதைப் பார்க்காததுபோல் கடந்துபோவார்கள். நாம் இங்கே பேச முற்படுவது வேறோர் அழுகையைப் பற்றி. பட்டமும் பரிசுப் பணமும் பல லட்சம் ரசிகர்களும் வாய்த்த ஒருவர், ஒருநாள் ஓர் இளைஞனிடம் தோற்றதும், தனக்கு ஏதோ அநீதி இழைக்கப்பட்டுவிட்டது என்ற பாவனையில் உலகத்தின் முன் வந்து நிற்கிறாரே, அந்த அழுகை. அதற்குத் தீவிரம் என்றும் வெற்றிவேட்கை என்றும் பெயர்சூட்டிக் கொண்டாடும் வழக்கம் பெருகியிருக்கிறது. வெற்றியின் மீதான சொத்துரிமைக் கோரிக்கை என்றுதான் நாம் அதைக் கருதுகிறோம். சொத்து பறிபோனதாக ஒருவர் கூவும்போது, பறித்தவன் என்று இன்னொருவரைச் சுட்டியே ஆகவேண்டும். இக்கட்டுரையின் கவலை அந்த இன்னொருவரைப் பற்றியது.

கணினி விளையாட்டுகளைப் பெரும்போட்டிகளாக ஆடும் உலகில் இந்த ஒப்பாரிக்கென்றே ஒரு சொற்களஞ்சியம் திரண்டிருக்கிறது. இணைய இணைப்பு தடுமாறியது, ஆடுகளத்தின் அமைப்பு எதிராளிக்குச் சாதகம், அணித்தோழர்கள் தண்டம், விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கே மூளை இல்லை. ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்தில் டெரன், ஜெர்க், புரோட்டாஸ் என்று மூன்று இனங்கள் உண்டு. இவற்றில் எதை ஆடுகிறவரைக் கேட்டாலும், மற்ற இரண்டுக்கும் அநியாயமான பலம் தரப்பட்டிருக்கிறது என்பார். இந்த மனநிலையின் உச்சமாக அறியப்பட்டவர் இட்ரா என்ற பெயரில் ஆடிய அமெரிக்கர் கிரெக் ஃபீல்ட்ஸ். தன் ஆட்டம் அழிந்துவிட்டது என்ற எண்ணம் அவரை எவ்வளவு எளிதில் பற்றிக்கொண்டது என்றால், 2011இல் தாம் வென்றுகொண்டிருந்த ஆட்டத்திலிருந்தே தோற்றுவிட்டதாக முடிவுகட்டி வெளியேறினார். தன்னிரக்கம் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் நமக்குக் கிடைக்காது. ரசிகர்களை வசைபாடியதற்காக 2013 மே மாதம் அவருடைய அணி அவரை நீக்கியது.

ஆயினும் நாம் எடுத்துக்கொள்ளும் களம் சதுரங்கம். அது எப்படி மின்விளையாட்டோடு சேரும் என்று புருவம் உயர்த்துவோர்க்கு ஒரு தகவல்: 2025இல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் சதுரங்கமும் இடம்பெற்றது; அதை வென்ற மாக்னஸ் கார்ல்சன் டீம் லிக்விட் என்ற மின்விளையாட்டு அணிக்காக ஆடினார். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் பலகையிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்த ஆட்டம் இன்றுவரை முழுதாக ஊர் திரும்பவில்லை. நேரலையில் ஆடுவதும், ஆடிக்கொண்டே பேசுவதும், பேசிக்கொண்டே புலம்புவதும் கிராண்ட்மாஸ்டர்களின் தொழிலில் ஒரு பகுதியாயின. முன்பெல்லாம் தோற்றவரின் புலம்பலை மனைவியும் பயிற்சியாளரும் மட்டுமே கேட்க நேர்ந்தது. இன்று அதற்குப் பார்வையாளர் உண்டு. பார்வையாளர் இருக்கும் இடத்தில் வருமானமும் உண்டு.

சதுரங்கத்தின் பழைய நகைச்சுவை ஒன்று, முழு ஆரோக்கியத்துடன் இருக்கும் எதிராளியை இதுவரை எவரும் வென்றதில்லை என்கிறது. தோற்றவர் அனைவருக்கும் தலைவலி, அல்லது முந்தைய இரவு உறக்கமில்லை. இந்தச் சில்லறைச் சாக்குகளை நாம் பொருட்படுத்தவில்லை. 2025 ஜூன் முதல் தேதி நார்வேயில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தியதையும் நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. அந்தக் குத்து தன் மீதே விழுந்த குத்து. கையில் இருந்த ஆட்டத்தைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்ற சினம் அதில் இருந்தது. எதிராளியின் மீது ஒரு துளியும் சிந்தவில்லை. போகிற போக்கில் குகேஷின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டும் போனார்.

தமிழில் முறையீடு என்று ஒரு சொல்லும் தன்னிரக்கம் என்று ஒரு சொல்லும் இருப்பது வசதியானது. இரண்டும் ஒருவருடைய வாயிலிருந்தே வரலாம். பாபி ஃபிஷர் இதற்கு நல்ல உதாரணம். 1962இல் குராசோ தீவில் நடந்த உலகப்பட்டத் தகுதிப் போட்டியில் அவர் நான்காவதாக வந்தார். சோவியத் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு சமன் செய்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார். பெத்ரோசியான், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்கிடையே ஆடிய 12 ஆட்டங்களும் சமனில் முடிந்திருந்தன. எவரும் எண்ணிப் பார்க்கக்கூடிய எண் அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பின்னர் அந்தத் தகுதிப் போட்டியையே நேருக்குநேர் மோதும் தொடர்களாக மாற்றியமைத்தது. இது முறையீடு. அவர் தோற்றதற்கு அதுவே முழுக் காரணம் என்று நாம் நம்பவில்லை. ஆனாலும் முறையீட்டில் பொருள் இருந்தது. அதே ஃபிஷர் 1975இல் பட்டத்தைக் காத்துக்கொள்ள ஆட மறுத்தபோது நிலைமை வேறு. பத்து வெற்றிகள்வரை எத்தனை ஆட்டங்களானாலும் ஆடலாம் என்பதைக்கூடக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்தால் பட்டம் தன்னிடமே தங்கவேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் மறுத்தது. அவர் ஆடவில்லை; கார்ப்போவ் ஆடாமலேயே சாம்பியனானார். முதல் புகார் அடுத்து வருகிறவர்களுக்கும் பயன்பட்டது. இரண்டாவதில் அவருக்கு மட்டுமே இடம் இருந்தது.

(சிற்றிதழ் உலகை அறிந்தவர்களுக்கு இந்த ராகம் புதிதன்று. தம்மை முப்பது ஆண்டுகளாகத் திட்டமிட்டுப் புறக்கணிக்கிறார்கள் என்று ஆண்டுக்கு நான்கு நேர்காணல்களில் சொல்லும் மூத்த படைப்பாளிகள் நம்மிடையேயும் உண்டு. அவர்களால் யாருக்கும் பெரிய சேதமில்லை என்பதால் விட்டுவிடலாம்.)

2022 செப்டம்பர் 4. செயிண்ட் லூயிஸ் நகரில் சின்க்ஃபீல்டு கோப்பையின் மூன்றாம் சுற்று. பத்தொன்பது வயதான ஹான்ஸ் நீமன், கறுப்புக் காய்களுடன் ஆடி, அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை 57 நகர்த்தல்களில் வென்றார். செவ்வியல் ஆட்டங்களில் கார்ல்சன் 53 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த வரிசை அங்கே அறுந்தது. மறுநாள் கார்ல்சன் போட்டியிலிருந்தே விலகினார். காரணம் சொல்லவில்லை. பேசினால் எனக்குப் பெரிய சிக்கல் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் சொல்லும் காணொளித் துணுக்கை மட்டும் வெளியிட்டார். இரண்டு வாரம் கழித்து இணையப் போட்டியொன்றில் நீமனைச் சந்தித்தபோது ஒரே ஒரு காயை நகர்த்திவிட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மூன்று வாரங்களுக்குப் பிறகே அவருடைய அறிக்கை வந்தது. அதில் சாட்சியமாக முன்வைக்கப்பட்டது என்ன? நெருக்கடியான கட்டங்களில் நீமன் பதற்றமாகவோ முழுக் கவனத்துடனோ இருந்ததாகத் தனக்குத் தோன்றவில்லை என்பது. நம்மை எதிர்த்து ஆடுகிறவன் நடுங்கவேண்டும். நடுங்காமல் வென்றால் அது களவு. ஜமீன்தார் வீட்டுத் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவனின் மீது சுமத்தப்படும் குற்றம் இதுவே.

நீமன் உத்தமர் என்று நாம் வாதிடவில்லை. பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் இணைய ஆட்டங்களில் கணினியின் உதவியை நாடியதாக அவரே ஒப்புக்கொண்டார். அது நூறு ஆட்டங்களுக்கும் மேல் இருக்கக்கூடும் என்று செஸ்.காம் நிறுவனம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. ஆனால் செயிண்ட் லூயிஸ் ஆட்டத்தில் களவு நடந்ததற்கான சான்று எதுவும் எவரிடமிருந்தும் வரவில்லை. கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு 2023 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில், ஆதாரமின்றிப் பழிசுமத்திய குற்றத்திலிருந்து கார்ல்சனை விடுவித்தது. தக்க காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காக 10,000 யூரோ அபராதம் விதித்தது. அந்தத் தொகை அவருக்கு ஒரு பொருட்டே அன்று. மறுபக்கம், நீமன் அன்று ஆடிய ஆட்டம் என்னவாயிற்று? அதை எடுத்துப் பலகையில் போட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர். பார்த்தவர்களில் பலரும் கார்ல்சன் அன்று தம் தரத்துக்கு ஆடவில்லை என்றே சொன்னார்கள். பத்தொன்பது வயதில் ஒருவன் அடைந்த மிகப்பெரிய வெற்றி, நகைச்சுவைத் துணுக்குகளுக்கு அடியில் புதைந்துபோனது.

ஏமாற்று உண்மையில் நடக்கிறதே, சந்தேகப்படக்கூடாதா என்று கேட்கலாம். நடக்கிறது. கைப்பேசியில் ஓடும் ஒரு மென்பொருள் எந்த உலகச் சாம்பியனையும் துவம்சம் செய்துவிடும் காலம் இது. 2019இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இகோர்ஸ் ரௌசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்தின் நடுவே கழிவறையில் கைப்பேசியுடன் அகப்பட்டார். ஒப்புக்கொண்டார். பட்டம் பறிக்கப்பட்டு ஆறாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அங்கே சந்தேகத்திற்கும் தண்டனைக்கும் இடையில் ஒரு பொருள் இருந்தது. பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதால்தான் அது வழக்காயிற்று. அதற்கு முன்பே, ஒரு பொற்கொல்லனின் வாய்ச்சொல்லை நம்பி ஓர் உயிரைப் பறித்திருந்தார்கள் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

வாய்ச்சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிய விளாதிமிர் கிராம்னிக்கின் கதைக்கு வரவேண்டும். அவர் 2000ஆம் ஆண்டில் காஸ்பரோவை வீழ்த்தி உலகப்பட்டம் பெற்றவர். அந்தத் தொடரில் காஸ்பரோவால் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர். 2006இல் கல்மீக்கியாவின் தலைநகரான எலிஸ்டாவில் டோபலோவுடன் மோதினார். அப்போது டோபலோவின் மேலாளர் டனைலோவ், கிராம்னிக் அளவுக்கு மீறிக் கழிவறைக்குப் போகிறார் என்று கிளப்பிவிட்டார். தனிக் கழிவறை பூட்டப்பட்டது. அதை எதிர்த்துக் கிராம்னிக் ஐந்தாம் ஆட்டத்திற்கு வர மறுத்தார். ஆடாமலேயே ஒரு புள்ளியை இழந்தார். அத்துடன் டனைலோவ் நிற்கவில்லை. கிராம்னிக்கின் நகர்த்தல்கள் 78 விழுக்காடு ஃப்ரிட்ஸ் 9 என்ற மென்பொருளின் பரிந்துரைகளோடு ஒத்துப்போகின்றன என்று ஒரு புள்ளிவிவரப் பட்டியலையும் வெளியிட்டார். சதுரங்க உலகம் கொதித்தது. கிராம்னிக் மறுபடி வந்து ஆடி, சமன்முறிப்பு ஆட்டங்களில் வென்றார். அந்த வாரங்களில் அவர் பக்கம் நின்றவர்களில் நாமும் உண்டு, இன்றும் நிற்போம்.

புள்ளிவிவரம் என்ற பெயரில் ஒருவரை எப்படி நாறடிக்கலாம் என்பதை உடலில் உணர்ந்த அந்த மனிதர், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பட்டியலைக் கையில் எடுத்தார் என்பதே இக்கதையின் துயரம். ஆட்ட வாழ்விலிருந்து 2019இல் ஓய்வு பெற்றிருந்தார். இணையத்தில் பிளிட்ஸ் ஆட வந்தார். அங்கே இளைஞர்களிடமும் பெயர் தெரியாத கிராண்ட்மாஸ்டர்களிடமும் தோற்க நேர்ந்தது. பிளிட்ஸ் என்பது கையும் கண்ணும் இருபது வயதில் இருக்கவேண்டிய ஆட்டம். சுட்டியைப் பிடித்தே வளர்ந்தவர்களின் ஆட்டம். அறுபதாயிரம் ரூபாய் ஜவுளிக்கடைப் பொம்மைபோல் அசையாத முகத்துடன் அவர்கள் காய்களை நகர்த்துகிறார்கள். ஐம்பதை நெருங்கும் ஒருவர் அவர்களிடம் தோற்பதில் மர்மம் ஏதுமில்லை. கிராம்னிக் மர்மம் கண்டார். 2023 நவம்பரில் ஹிகாரு நகமுரா 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்ததைச் சுட்டி, இது சிந்திக்கத்தக்கது என்றார். நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை, கேள்விதான் கேட்கிறேன் என்பது அவர் நிலைப்பாடு. கேள்விக்குறி போட்டுவிட்டால் பழிச்சொல் பழிச்சொல்லாகாது என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் உண்டு.

அந்தக் கணக்கின் ஓட்டையைப் புரிந்துகொள்ளக் கணித அறிவு பெரிதாக வேண்டியதில்லை. எதிராளியைவிட 400 புள்ளி தரவரிசையில் மேலே இருப்பவர் நூறு ஆட்டங்களில் தொண்ணூற்றொரு புள்ளி எடுப்பார் என்பதே அந்தத் தரவரிசை முறையின் அடிப்படை. நகமுரா பல்லாயிரக்கணக்கான பிளிட்ஸ் ஆட்டங்களை ஆடியவர். பெரும்பாலும் தன்னைவிடக் கீழே இருப்பவர்களுடன். அப்படிப்பட்டவருக்கு இத்தகைய வரிசை எப்போதாவது அமையாமல் போனால்தான் வியப்பு. கோயில் வாசலில் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைக்கிறவருக்கு என்றாவது ஒருநாள் அடுத்தடுத்து ஐந்து அழுகல் வரும். அந்த ஐந்தை மட்டும் பொறுக்கி எடுத்து அடுக்கிவைத்து, கடைக்காரன் திருடன் என்று ஊரைக் கூட்டுவது என்ன நியாயம்? செஸ்.காம் ஆராய்ந்து, தவறேதும் இல்லை என்றது. கிராம்னிக் ஓயவில்லை. 2024இல், அவருடைய சந்தேகப் பட்டியலில் இருந்த, பெருவில் பிறந்த ஹோசே மார்ட்டினெஸ் அவரோடு நேருக்குநேர் உட்கார்ந்து ஆடச் சம்மதித்தார். தொழில்நுட்பத் தகராறுகளால் திட்டமிட்ட ஆட்டங்கள் முழுதும் நடக்கவில்லை. நடந்தவரையில் மார்ட்டினெஸ் 14.5க்கு 11.5 என்று வென்றார்.

நகமுராவுக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மார்ட்டினெஸும் தாங்கினார். 2024 அக்டோபர் முதல் இந்தச் சந்தேகம் டேனியல் நரோடிட்ஸ்கியின் மீது திரும்பியது. அமெரிக்கக் கிராண்ட்மாஸ்டர், பிளிட்ஸில் உலகின் முதல் வரிசையில் இருந்தவர், அதைவிட முக்கியமாக, ஆசிரியர். ஒவ்வொரு நகர்த்தலையும் ஏன் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடும் அவருடைய காணொளிகளைப் பார்த்து ஆட்டம் கற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர் 2025 அக்டோபர் 19 அன்று, இருபத்தொன்பது வயதில் இறந்தார். மரணத்தின் காரணம் பற்றி நாம் எதையும் ஊகிக்கப்போவதில்லை. அதற்கு நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் இறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு நடந்த தம் கடைசி நேரலையில், தாம் நன்றாக ஆடத் தொடங்கினாலே பிறர் தவறாக நினைப்பார்கள் என்ற எண்ணம் தம்மைப் பின்தொடர்வதாக அவர் சொன்னது பொதுவெளியில் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரன் நன்றாக ஆடப் பயப்படுகிறான். முன்னாள் சாம்பியனின் தன்னிரக்கம் இன்னொருவர் தலையில் இறக்கிவைத்த சுமை அது.

2025 நவம்பரில் உலகக் கூட்டமைப்பு தன் ஒழுங்குக் குழுவிடம் கிராம்னிக்கின் மீது முறைப்படி புகார் தாக்கல் செய்தது. நரோடிட்ஸ்கியோடு அந்தப் புகாரில் இடம்பெற்ற மற்றொரு பெயர் செக் நாட்டு டேவிட் நவாரா. நவாரா யார் என்று அறியாதவர்களுக்காக: 2011 உலகக் கோப்பையில் மொய்சென்கோவுடன் ஆடியபோது, ஒரு காயை நகர்த்தப் போகையில் அவர் கை தவறுதலாக ராஜாவைத் தொட்டுவிட்டது. தொட்ட காயை நகர்த்தவேண்டும் என்பது விதி. எதிராளி அதை வற்புறுத்தவில்லை. ஆட்டம் தொடர்ந்து, நவாரா வெல்லும் நிலைக்கு வந்தார். வந்ததும் சமன் செய்துகொள்ளலாம் என்று தாமே கேட்டார். இப்படிப்பட்டவர் தாம் களவாடவில்லை என்று பொதுவெளியில் விளக்கம் எழுதவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்.

மகத்தான ஆட்டக்காரர்கள் இப்படித்தான் இருப்பார்கள், தோல்வியைத் தாங்கமுடியாத நெஞ்சுதான் அவர்களை உச்சிக்குக் கொண்டுபோயிற்று என்று ரசிகர்கள் ஒரு தத்துவம் வைத்திருக்கிறார்கள். இதற்கு நம்மிடம் இருக்கும் பதில் ஒரு பெயர்: டிங் லிரென். 2023இல் பட்டம் வென்றபின் மனச்சோர்வும் உறக்கமின்மையும் அவரைப் பிடித்தாட்டின. மாதக்கணக்கில் ஆடவில்லை; ஆடியபோது தோற்றார். 2024இல் சிங்கப்பூரில் குகேஷை எதிர்கொண்டபோது அவர் நொறுங்கிவிடுவார் என்றே பலரும் கணித்தார்கள். பதினான்காம் ஆட்டம்வரை இருவரும் சமநிலையில் இருந்தார்கள். டிசம்பர் 12 அன்று, சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்தக் கடைசி ஆட்டத்தின் 55ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பட்டம் போயிற்று. நோயைச் சொல்லலாம், களைப்பைச் சொல்லலாம். எல்லாம் உண்மையாகவும் இருந்திருக்கும். செய்தியாளர்கள் முன் வந்த டிங், முந்தைய நாள் ஆட்டத்தில் தாம் தப்பித்ததே அதிர்ஷ்டம் என்றும், ஆகவே இறுதியில் தோற்றது நியாயமான முடிவு என்றும், வருத்தம் ஏதுமில்லை, தொடர்ந்து ஆடுவேன் என்றும் சொன்னார்.

அதே நாளில் கிராம்னிக் ஒரு குறிப்பு வெளியிட்டார். நாம் அறிந்த சதுரங்கம் இத்துடன் முடிந்தது என்பது அதன் சாரம். இவ்வளவு சிறுபிள்ளைத்தனமான பிழையில் உலகப்பட்டம் தீர்மானமாகலாமா என்ற ஆதங்கமாம்.

2006 நவம்பர் 27 அன்று பான் நகரில், டீப் ஃப்ரிட்ஸ் என்ற கணினிக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில், உலகச் சாம்பியனாக இருந்த ஒருவர் கறுப்புக் காய்களுடன் 34ஆம் நகர்த்தலில் தம் ராணியை இ3 கட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த நகர்த்தலிலேயே எச்7 கட்டத்தில் செக்மேட். ஆட்டம் பழகத் தொடங்கிய மாதத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது அது. அவர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார். கணினிக்காகக் காய்களை நகர்த்தியவர் திரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பமுடியாமல் அந்த ராணியை வைத்தார். எதிரே இருந்தது இயந்திரம். கணினியின் உதவியை நாடியது என்று அதன் மீது பழிபோட வழியில்லை. அந்தச் சாம்பியன், கிராம்னிக், ஒரு கணம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து ஆட்டத்தாளில் கையொப்பமிட்டார். பிறகு செய்தியாளர்களைச் சந்திக்கப் போனார். அந்த நகர்த்தலுக்குத் தம்மிடம் விளக்கம் எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொன்னார்.